நாற்பத்தொரு விநாடி முந்தானை

காலை ஒன்பது மணி. நாற்பத்தொரு விநாடி. ஜெபசீலன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“பாத்தியா கெசியா? திரையில ஒரு முந்தானை திரும்ப இவ்ளோ நேரம். கம்ப்யூட்டர் பெட்டிக்கு வயசாயிடுச்சி. புதுசு வாங்கிடலாம்.”

அவர் மனைவி கெசியா கணினியில் சேலை டிசைன் போடுகிறவள். அன்று அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் முருகவேல் முந்தானையைப் பார்க்கத் திருத்தணியில் இவர்கள் வீட்டுக்கே வந்திருந்தார். திரையில் மயில் பாதி உடம்போடு நின்றது.

“இது முழுசா வர்றதுக்குள்ள நான் மலையேறி சாமி பாத்துட்டு வந்துடுவேன்மா” என்றார்.

ஜெபசீலனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அவருக்குப் புதுப் பெட்டி தேவைப்பட்டது கணினியில் கார்ப் பந்தயம் ஆட. அதற்காக அவர் செய்த வேலை நுட்பமானது. திரையில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் என்றொரு மென்பொருள் உண்டு. ஊர் ஊராக யார் யாரோ சேர்ந்து எழுதி, சும்மாவே கொடுக்கிறார்கள். அவர்கள் திருத்தத் திருத்தக் கிழட்டுக் கார்டும் வேகம் பிடிக்கிறது. இந்தத் தொல்லையே வேண்டாமென்று, புது டிரைவர் உள்ளே வராதபடி எட்டு மாதமாகப் பூட்டு போட்டிருந்தார்.

“என்னாங்க, இதே பெட்டி பத்து விநாடிக்குள்ள திருப்பிச்சின்னா?”

“இதுவா? திருப்பிச்சின்னா ஞாயித்துக்கெழம சமையல் நான்தான். ஆயுசுக்கும்.”

“கறிக்கொழம்புமா?”

“ஆங். கறிக்கொழம்பும்.”

“முருகவேல் அண்ணே, கேட்டுக்கினீங்களா?”

“கேட்டுக்கினுதாம்மா கீறேன்.”

கெசியா பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். முந்தானையைத் திருப்பினாள். மயில் தோகையும் காலுமாகத் திரும்பி நின்றது. நான்கு விநாடி. ஜெபசீலன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நேத்தே பூட்டைத் தெறந்து புது டிரைவரை ஏத்திட்டேங்க. அணைச்சி மறுபடி போடறது ஒண்ணுதான் பாக்கி. பூட்டு போட்ட தேதியும் உள்ளயே கீது. நம்ம கல்யாண நாளு. பெட்டியத் தூசி தட்டித் தரேன்னு கதவைச் சாத்திக்கினு உக்காந்தீங்களே, அன்னிக்கி.”

ஜெபசீலன் முருகவேலைப் பார்த்தார். முருகவேல் மயிலைப் பார்த்தார்.

“பழைய தறிகூட எண்ணெய் உட்டா ஓடும் சார். அடுத்த மூணு டிசைனையும் நீங்களே போட்டுடுங்கம்மா.”

2026 பிப்ரவரி 8, ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து ஜெபசீலன் கறிக்குழம்பு வைத்தார். அந்நேரம் அதே பழைய பெட்டியில் ஆடிய கார்ப் பந்தயத்தில் கெசியா இரண்டாவதாக வந்தாள்.