தூள் மில்லுக்கு வந்த வளர்ச்சி

வளர்ச்சி ஆலோசகர் என்றோர் இனம் நம்மிடையே உலாவுகிறது. யாழ்ப்பாணத்து வெயிலிலும் கோட் சூட்டைக் கழற்றாது. தொண்டைமானாற்றில் வலை வீசுபவருக்கும் கொடிகாமத்தில் வாழைக்குலை விற்பவருக்கும் ஒரே ஸ்லைட்டைக் காட்டி, ஒரே அம்புக்குறியை மேல்நோக்கி ஏற்றி, "நீங்கள் மீன் விக்கேல்லை, அனுபவத்தை விக்கிறியள்" என்று வாழைக்குலைக்காரரிடமும் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அம்புக்குறி இறங்கி அது கண்டதில்லை. எப்படிக் காணும்? இறங்கும்போது அது ஊரில் இராதே.

கஜீவன் இந்த இனத்தில் முதல்தரம். இணுவிலில் குணலட்சுமி கறித்தூள் அரைக்கும் மில் வைத்திருக்கிறார். கடைகளில் பக்கற்றுத் தூள் மலிந்து வாடிக்கை குறைய, மில்லை மூடவேண்டி வருமோ என்று பயந்து, ஒரு பயிற்சிப் பட்டறையில் கண்ட கஜீவனை அவர்தான் அழைத்தார்.

கஜீவன் மூன்று நாட்கள் மில்லில் கதிரை போட்டு உட்கார்ந்து அவதானித்தார். பெண்கள் வறுத்த மிளகாய், மல்லியோடு வந்து, மூக்கைப் பொத்தியபடி, தங்கள் தூள் தங்கள் வாளியில் விழும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நிற்கிறார்கள். இதற்கு 'வாடிக்கையாளரின் வலிப்புள்ளி' என்று பெயர் வைத்தார். பிறகு வலியைத் தீர்த்தார். வாசலுக்குக் கறுப்புக் கண்ணாடிக் கதவு. சரக்கை வெளியே கொடுத்துவிட்டுப் போகலாம். தூள் வீடு தேடி வரும்.

மறுநாள் முதல் ஆளாக வந்தவர் சிவக்கொழுந்து.

"பிள்ளை, நான் நிக்காட்டி என்ரை தூளுக்கை வேறை ஆக்களின்ரை தூள் கலந்திடுமெல்லே?"

"கலக்காது, மாமி" என்றார் குணலட்சுமி.

"கலக்காதெண்டு நீ சொல்லுறாய். நான் பாக்கேல்லையே."

வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்து ஊரான கோண்டாவிலில் இருந்த மில்லுக்கு நடந்தார். ஒரு கிழமைக்குள் ஊரே பின்னால் நடந்தது.

குணலட்சுமி அழாத குறையாகக் கஜீவனைக் கூப்பிட்டார். அவர் வந்து, வெறிச்சோடிய மில்லைச் சுற்றிப் பார்த்து, மணிக்கூட்டையும் பார்த்து, பூரித்துப் போனார்.

"பாத்தியளே அக்கா, காத்திருக்கிற நேரம் பூச்சியம்."

அன்று பின்னேரமே குணலட்சுமி கதவைக் கழற்றினார். வீடு வீடாகப் போய், பக்கத்தில் வந்து நிற்கும்படி கேட்டார். வந்தார்கள். நின்றார்கள். தும்மினார்கள். மில் பிழைத்தது.

கஜீவன்? கொழும்பில் குளிரூட்டிய மண்டபமொன்றில் புதிய ஸ்லைட் காட்டினார்: 'வாடிக்கையாளர் முன்னிலையில் நேரடி அரைப்பு: எமது புத்தாக்கம்.' படத்தில் சிவக்கொழுந்து தும்முகிறார். அம்புக்குறி அவர் மூக்கிலிருந்து மேலே புறப்படுகிறது. கைதட்டல் ஓய வெகுநேரமானது. பதவி உயர்வும் வந்தது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் வாசிக்கும்போது நடுவில், "வாளிகளிலே பெயர் ஒட்டியிருக்கலாமே, ஒரு கமெராவாவது பூட்டியிருக்கலாமே" என்று உங்களுக்கும் ஒரு யோசனை வந்ததா? ஒரு நாளும் தூள் மில்லுக்குள் நின்று தும்மியிராத உங்களுக்கா?

கஜீவனின் நிறுவனம் ஆள் எடுக்கிறதாம். நீங்கள் நேர்முகத் தேர்வுக்குக்கூடப் போகத் தேவையில்லை.