ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஸ்டாண்டு

இனி ஞாயிற்றுக்கிழமை என்னுடையது என்று ஒரு புதன்கிழமை முடிவெடுத்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு தர்மபுரி டவுனில். மாமியாருக்குத் தோட்டம் இண்டூரில். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட ஆபீசில் நான் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை தக்காளிப் பெட்டி சுமக்கும் ஆள். சிலர் ஜெயிலை ‘மாமியார் வீடு’ என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

இண்டூருக்கு எங்களைக் கொண்டுபோவது என் பைக். அதைப் பிரித்துப் போட்டுவிட்டால் போக முடியாது. பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். என் மனைவி பானுமதிக்கு இருக்கிறது. பிரித்த வண்டியை வாசலில் விட்டுவிட்டு, காவலுக்கு ஆளில்லாமல் நான் எப்படிக் கிளம்புவது? இதுதான் திட்டம்.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன்.

“பானு, இனிமே வண்டி சர்வீஸ் எல்லாம் வூட்லயே நானே பாத்துக்கப் போறேன்.”

“எப்பங்க?”

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம.”

“வாராவாரமா?”

“செயின்ல மண்ணு வாராவாரந்தான சேருது?”

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்ல யோசனதாங்க” என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு என் யோசனை ஒன்று பாஸானது அதுதான் முதல் தடவை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நான் இன்னொரு தோசை கேட்டேன்.

என் வண்டிக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டு மட்டும்தான். எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும். வீட்டில் பேச்சுவார்த்தை என்று வந்தால் நானும் அப்படித்தான். ஆனால் செயினைக் கழுவி எண்ணெய் விட, பின் சக்கரம் தரையில் படாமல் சுற்ற வேண்டும். அதற்கு வண்டியின் பின்பக்கத்தை அப்படியே தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று தனியாக வாங்க வேண்டும். சனிக்கிழமை சாயந்திரம் காசிம் பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பினேன். பானுமதியும் வந்தாள்.

காசிம் பாய் இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்து முன்னால் வைத்தார்.

“முனிராஜ் சார், இது கொக்கி வெச்சது. உங்க வண்டியில பின்னால ரெண்டு பக்கமும் குமிழ் ஒன்னு முடுக்கிட்டா, கொக்கி அதக் கப்புனு புடிச்சிக்கும். ஆடாது, அசையாது. இது ரப்பர் வெச்சது. கீழ குடுத்துத் தாங்கும். அகலத்தக் கூட்டலாம், கொறைக்கலாம்.”

“கொக்கியே குடுங்க பாய்.”

“இருங்க” என்றாள் பானுமதி. “ஏனுங்க பாய், கொக்கி இவரு வண்டிக்கு மட்டுந்தானுங்களா?”

“குமிழ் மாட்டின வண்டிக்குத்தாம்மா சேரும்.”

“ரப்பரு?”

“அது பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் சேரும்.”

“அடிக்கடி ஏத்தி எறக்குனா வளைஞ்சிக்காதுங்களே?”

காசிம் பாய் என்னை இதுவரை பார்க்காத மரியாதையோடு அவளைப் பார்த்தார். “தங்கச்சிக்கு வெவரம் தெரியுது சார்.”

“ரப்பரே இருக்கட்டுங்க” என்று என் பக்கம் திரும்பினாள். “நாளைக்கே நீங்க புது வண்டி எடுத்தீங்கன்னா, அதுக்கும் ஆவுமில்ல?”

புது வண்டி! அந்த இரண்டு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ரப்பர் ஸ்டாண்டைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு விடியற்காலையே வேலையை ஆரம்பித்தேன். ஒரு கையால் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஸ்டாண்டின் கைப்பிடியை அமுக்க வேண்டும். அமுக்கினேன். வண்டி எதிர்ப்பக்கம் போய்த் துளசித் தொட்டியின் மேல் படுத்துக்கொண்டது. சத்தம் கேட்டு வந்த பானுமதி வண்டியை நிமிர்த்தி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். “இப்ப அமுத்துங்க” என்றாள். ஏறி நின்றுவிட்டது. அவள் உள்ளே போனதும் அவசர அவசரமாகப் பின் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரம் ஒரு மூலையில், செயின் ஒரு மூலையில். இனி யாரும் என்னை அசைக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் பானுமதி பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வெளியே வந்தாள்.

“ஏனுங்க, இன்னைக்கி இண்டூர்ல…”

“பாத்தியா பானு? சக்கரமே கழட்டியாச்சு. எப்பிடி வர்றது?”

“இல்லீங்க, நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“ஒன்னும் சொல்லாத. நீ பஸ்ல போயிட்டு வா. அத்தைகிட்ட நான் ரொம்ப வருத்தப்பட்டேன்னு சொல்லு.”

“சரிங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தக்காளி பறிக்க எதற்குப் பட்டுப்புடவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெயித்தவனுக்கு அதெல்லாம் தோன்றாது.

மத்தியானம் பழைய சோறும் ஊறுகாயும் சாப்பிட்டேன். வண்டிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். சுதந்திரம் சுகமாகத்தான் இருந்தது. கண் அசந்த நேரத்தில் தெருவில் ஒரே டுர்ர்ர் சத்தம்.

எழுந்து பார்த்தேன். முன்னால் மச்சினன் ரஞ்சித்குமார் வண்டி. பின் சீட்டில் பானுமதி. அடுத்த வண்டியில் மாமியார் தீர்த்தம்மாள். அதற்குப் பின்னால் அவர்கள் சொந்தக்காரர்களின் வண்டிகள், கரண்ட் கம்பம் வரைக்கும். எல்லார் வாயிலும் வெற்றிலை. எல்லார் முகத்திலும் திருப்தி.

“வா ரஞ்சித். தக்காளி பறிச்சி முடிஞ்சிதா?”

“இன்னைக்கி யாரு மாமா தோட்டத்துல எறங்குனாங்க? முனியப்பனுக்குக் கெடா வெட்டுல்ல! நீங்க வரலைன்னதும் உங்க பங்கயும் நாங்களே பாத்துக்கிட்டோம்.”

நான் பானுமதியைப் பார்த்தேன்.

“அதத்தான காலையில சொல்ல வந்தேன்?” என்றாள். “நீங்கதான் ஒன்னும் சொல்லாதன்னீங்க.”

“சரி, இத்தன வண்டி எதுக்கு?”

“சர்வீஸுக்குத்தான் மாமா” என்றான் ரஞ்சித்குமார். “அக்கா புதங்கிழமையே போன் போட்டுச்சு. இனிமே வாராவாரம் மாமா வூட்லயே வண்டி வேல பாக்கறாரு, யாரும் வெளிய விடாதீங்கன்னு சொல்லிச்சு. அதான் மண்ணுகூடத் தொடைக்காம அப்பிடியே வெச்சிருந்தோம்.”

புதன்கிழமை. தோசையைத் திருப்பிப் போட்டாளே, அந்தச் சூட்டோடு போன் போட்டிருக்கிறாள்.

“மாப்ளைக்குப் பெரிய மனசு” என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மொதல்ல உங்க வண்டிய எறக்குங்க மாப்ள. ஸ்டாண்டு வேணுமில்ல.”

என் சக்கரத்தை நானே மாட்டி, என் வண்டியை நானே இறக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒரு வண்டியில் பாதித் தோட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்று தொப்பூர் வரை தினமும் பால் கொண்டுபோகும் வண்டியாம். அதன் செயினைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அந்த இடுக்குல விட்டுட்டீங்க மாப்ள” என்று காட்டிக்கொடுத்தார். ரப்பர் ஸ்டாண்டு எல்லா வண்டிக்கும் சேர்ந்தது. காசிம் பாய் பொய் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது எல்லாரும் பளபளவென்று கிளம்பிப் போனார்கள். நான் முழங்கை வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தேன். பானுமதி டீ கொண்டுவந்தாள். டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

“பானு, வர்ற ஞாயித்துக்கிழம நான் இண்டூருக்கே வந்துடறேன். பெட்டி தூக்கறேன். இந்தச் சர்வீஸ் வேணாம்.”

“நெசமாவாங்க?” அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப அந்த ஸ்டாண்டயும் கட்டி எடுத்துக்கலாம். எங்க சித்தப்பா வூட்டு வண்டிங்க எதுவும் ஸ்டார்ட்டே ஆவலையாம், அதான் இன்னைக்கி வர முடியல.”