இஸ்திரி போட்ட குதிரைவீரன்

"மாமா, இதுக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவாங்களா?"

மருந்துக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பெரிய சினிமா போஸ்டர் பளபளவென்று கிடந்தது. குதிரைமேல் கதாநாயகன், கையில் வாள், பின்னால் எரிகிற கோட்டை. பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியோடு மாமனார், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்துடன் நின்றுகொண்டிருந்தார். மகள் வீட்டுக்கு வந்த நாளாகக் கையில் அகப்பட்டதற்கெல்லாம் இஸ்திரி போடுகிறார். காய்கறிப் பைகூடத் தப்பவில்லை.

"சரியா விரியல மாப்பிள்ளை. சுருண்டுக்கிட்டே இருந்தது. அதான்..."

"அதுக்காக மடிப்பை எடுத்துருவீங்களா? அந்தக் காலத்துல போஸ்டரை எட்டா மடிச்சுத்தான் தியேட்டருக்கு அனுப்புவாங்க. மடிப்பு இருந்தா அசல். இல்லேன்னா நேத்து அடிச்ச நகல். சாயங்காலம் தலைவர் வர்றாரே, எதைக் காட்டுவேன்?"

தலைவர் என்றால் பழைய போஸ்டர் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர். மருந்துக்கடைக்காரர் ஆசையாசையாகக் கொண்டுபோன போஸ்டர்களை ஏற்கெனவே இரண்டு தடவை நகல் என்று சொல்லி, எல்லார் முன்னாலும் சுருட்டிக் கையில் கொடுத்தவர். இந்தத் தடவை தேறினால் கண்காட்சி வாசலில் முதல் இடம். தேறாவிட்டால் இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. நினைக்கும்போதே மனிதருக்கு அழுகை முட்டியது.

"மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா. அந்தப் பெட்டியைக் கீழ வையுங்க, போதும்."

போஸ்டரை உற்றுப் பார்த்தார். மடிப்பு மட்டுமா போயிற்று? ஓரத்திலிருந்த கிழிசலையும் காணோம். நிறம்கூட ஏறியிருந்தது. மாமனார் பசை போட்டு ஒட்டி, எதையோ தொட்டுத் துடைத்தும் வைத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"திரும்ப மடிச்சாப் போச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள் மனைவி.

மடித்தார்கள். விரித்துப் பார்த்தால், கடையில் அப்போதுதான் பிரித்த புதுச்சட்டை மாதிரி மடிப்பு விறைத்துக்கொண்டு நின்றது.

"போச்சு! இப்பத்தான் மடிச்சதுன்னு பார்த்தாலே தெரியுது."

"டீத்தண்ணியைத் தொட்டு வையுங்க. பழசு மாதிரி பழுப்பாயிடும்" என்றாள் மனைவி.

தொட்டு வைக்கப் போனவர் பதற்றத்தில் தம்ளரையே கவிழ்த்தார். டீ கதாநாயகனின் மீசையிலிருந்து மோவாய்வரை வழிந்து அப்படியே ஊறியது.

"ஐயையோ, தாடி வந்துடுச்சே!"

"இருக்கட்டும். சண்டைக்குப் போன இடத்துல சவரம் பண்ணவா முடியும்?"

இனி காயவைக்க வேண்டும். வெளியேயானால் காலையிலிருந்து மழை. மின்விசிறிக்குக் கீழே பிடித்தார்கள், ஈரம் போகவில்லை. பொறுமையிழந்த மருந்துக்கடைக்காரர் அடுப்பைப் பற்றவைத்து, மேலே லேசாகக் காட்டினார். குதிரையின் வால் குப்பென்று பிடித்துக்கொண்டது. மனைவி ஈரத்துணியால் அடித்து அணைத்தாள். வாலோடு போஸ்டரின் ஒரு மூலையும் போய்விட்டது.

மாமனார் மறுபடி தொண்டையைச் செருமினார். "அது வந்து மாப்பிள்ளை..."

"அப்பா, நீங்க சும்மா இருங்க!"

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

தலைவர் வாசலில் விரித்திருந்த பழுப்புக் காகிதத்தில் சேற்றுக் காலணியை அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"எங்கய்யா உங்க பொக்கிஷம்?"

மருந்துக்கடைக்காரர் மேஜையைக் காட்டினார். தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மடிப்பைத் தடவினார். தாடியைச் சுரண்டினார். கருகிய மூலையை மூக்கருகே வைத்து முகர்ந்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னய்யா இது!" என்று தலைவர் கத்தினார். "மடிப்பு எட்டும் கச்சிதமா இருக்கு. கொட்டகைக்காரன் டீயைக் கொட்டியிருக்கான். அப்புறம் ஏதோ தீ விபத்துல தப்பிப் பிழைச்சிருக்கு. இந்தப் பழைய வாசனையை எந்த நகல்காரனாலயும் கொண்டு வர முடியாது. அசல்யா! கண்காட்சி வாசல்ல இதுக்குத்தான் முதல் இடம்."

மருந்துக்கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். இஸ்திரியைக்கூட மன்னித்துவிட்டார்.

"இதை எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார் தலைவர்.

இந்தத் தடவை யாரும் குறுக்கே பேசவில்லை. மாமனார் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

"நான்தாங்க நேத்து பிரிண்ட் கடையில குடுத்து, கிழிசலையெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணி, மாப்பிள்ளைக்காகப் புதுசா அடிச்சு வாங்கினேன், அந்தப் பழசைத்தான் எல்லாரும் கால் துடைக்கட்டும்னு வாசல்ல குப்புறப் போட்டிருக்கேன்."