குதிரை அல்லது ஆடு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்று மாலை முதல் நான் உயிரோடு இல்லை. விளையாட்டுப் பேச்சல்ல, அச்சடித்தே வந்துவிட்டது. நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை பழைய நாட்டுப்புறக் கலைப்பொருள்களைச் சேர்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற கையோடு ஒரு மர முகமூடியில் ஆரம்பித்தது, இப்போது கூடத்தில் மனிதர் உட்கார இடமில்லை. சோபாவில் வர்ணம் உரிந்த தகரப் பெட்டி, மூக்கு போன பொம்மைகள். என் சாய்வு நாற்காலியில் பூப்போட்ட பழைய வண்டிப் பலகை ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எதையும் துடைக்கக் கூடாது. ஒருநாள் ஈரத்துணியோடு பக்கத்தில் போய்விட்டேன், வீடே ரெண்டாகிவிட்டது. "ஐயோ, கைய எடுங்க! அது அழுக்கு இல்லைங்க, வயசு!" என்று ஒரே கூச்சல். அதே வயசு என் சட்டைக் காலரில் இருந்தால் மட்டும் அழுக்காம். சரி போகட்டும் என்று அதையும் பொறுத்துக்கொண்டேன் மச்சான்.

போன ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சேகரிப்போர் மன்றத்தார் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். பூதக்கண்ணாடியும் கையுமாக ஒவ்வொரு பொம்மையாகக் குனிந்து பார்த்தார், வாயைத் திற என்று சொல்லாத குறைதான். முகமூடியைப் புரட்டிவிட்டு, "இது புதுசும்மா, பழசு மாதிரி பண்ணியிருக்காங்க" என்றார். தகரப் பெட்டிக்கும் அதே தீர்ப்பு. உங்கள் தங்கையின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. பேச்சை மாற்ற, டீ குடிக்கலாம் வாங்க என்று சமையலறைப் பக்கம் அழைத்துப் போனேன், மனிதர் வாசலிலேயே தடுக்கி விழுந்தார். எதில் என்கிறீர்கள்? கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேனே, அந்தக் கட்டையில்!

அது எந்தக் கட்டை என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மனசு ஆறவில்லை, சொல்கிறேன். உங்கள் மருமகள், அதாவது என் மகள், பிறந்து தாயும் பிள்ளையும் உங்கள் வீட்டில் இருந்தபோது, குழந்தைக்கு ஒரு மரக்குதிரை செய்கிறேன் என்று உளியைத் தூக்கினேன். வந்தது குதிரையும் இல்லை, ஆடும் இல்லை. என்னைப் பார்க்க வந்த நீங்கள் முக்காலி என்று நினைத்து அதன்மேல் உட்கார்ந்தீர்கள், ஒரு காது போயிற்று. வெட்கத்தில் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். ஊரிலிருந்து திரும்பிய உங்கள் தங்கை கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

விழுந்த டாக்டர் எழுந்திருக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்தபடி அதை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்! "ஒத்தைக் காது! வேணும்னே ஒரு காதோட நிறுத்தியிருக்கான் பாருங்க, மகா கலைஞன்!" என்றார். நீங்கள் உட்கார்ந்தது மச்சான், நீங்கள் உட்கார்ந்தது! உங்கள் தங்கை எப்போதோ அதன்மேல் சுடுவாணலியை இறக்கி வைத்ததில் கருகிப்போன வட்டத்தை டாக்டர் தடவி, "ஏதோ சடங்குல சுட்ட தடம்" என்றார்.

"எங்கேம்மா கிடைச்சுது?"

"வீட்லயே இருந்துச்சு டாக்டர்."

"பரம்பரையாவா?"

"இவர் பக்கத்துலேர்ந்து வந்ததுதான்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனித்தீர்களா? எடையளவுத் துறையில் காலமெல்லாம் கள்ள எடைக்கல் பிடித்தவன் நான். இந்தப் பேச்சில் எங்கே எடை குறைகிறது என்று என்னாலேயே பிடிக்க முடியவில்லை. அடக்கமாட்டாமல், "சார், அதச் செஞ்சதே நான்தான்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், உங்கள் தங்கையும்தான். டாக்டர் என் தோளைத் தட்டி, "ஒரு ஆணிகூட நேரா அடிக்க வராதுன்னு அம்மா சொல்லியிருக்காங்களே சார்" என்றார்.

அந்தக் கட்டையை மன்றத்தின் கண்காட்சியில் வைக்கப் போகிறார்களாம். அதன்கூட வைக்கிற அட்டை நேற்று மாலை வந்தது. 'குதிரை அல்லது ஆடு. மரம். காலம் தெரியவில்லை. செய்தவர்: பெயர் அறியாத கைவினைஞர், மறைந்தவர்.' படித்ததும் தலை சுற்றியது. உட்காரலாம் என்று பார்த்தால் வீட்டில் எங்கே இடம்? என்னைக் கொன்றதைக்கூட விடுங்கள். விஷயம் வெளியே தெரிந்தால் அந்தக் கூட்டத்தில் உங்கள் தங்கை தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? தெரியாமலே போனால், கள்ளத் தராசோடு ஒரே வீட்டில் நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது? தனியாகச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் அந்தக் கட்டையைப் பார்க்கிற பார்வையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். என்னை அவள் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகிறது மச்சான். கண்ணால் கண்ட சாட்சி நீங்கள் ஒருவர்தான். கண்காட்சி திறப்பதற்குள் கிளம்பி வந்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் சொன்னால் அவள் தட்டமாட்டாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு என் ஆசி. மறைந்தவனின் ஆசி, கூடுதலாகவே பலிக்கும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்
(இதை எழுதும்வரை உயிருடன்)

பி.கு.: உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். சத்தம் போடுவாள் என்று பயந்துகொண்டு நின்றால், நேரே போய்த் தையல் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே அந்தக் காது! ஊரிலிருந்து வந்து வீட்டைக் கூட்டும்போது கட்டிலடியில் கிடைத்ததாம். "நம்ம பொண்ணுக்குன்னு நீங்க செஞ்சதுன்னு அன்னிக்கே தெரியும். தூக்கிப் போட மனசு வரல" என்றாள். "அப்ப டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா மறுபடி கதவுக்குத்தான் போயிருக்கும். இப்பப் பாருங்க, கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு எங்கேயாவது ஜோடி இருக்கும் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறாராம். நல்ல கட்டை ஒன்று கிடைத்துவிட்டது, உளியும் தீட்டியாயிற்று. நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டாம். வேலை முடிந்ததும் எழுதுகிறேன், உட்கார மட்டும் வந்தால் போதும்.