நிலவறைச் சாவி

இனிமேல் இந்த வீட்டுக்கு ஒயின் வாங்குவது என் பொறுப்பு என்று எவாசியோ அறிவித்தபோது, அவர் மனைவி டெல்ஃபினா மறுநாள் சமையலுக்குப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எவாசியோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. சண்டை வரும், வந்தால் இன்னின்ன பதில் சொல்லலாம் என்று காலையில் முகம் மழிக்கும்போதே கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்து வைத்திருந்தார். இப்போது அத்தனையும் வீண்.

மொன்ஃபெர்ராத்தோ மலைச் சரிவில் வீட்டுக்கு வீடு நிலவறை உண்டு. வசந்தம் பிறந்ததும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பிரம்பு பின்னிய பெரிய கண்ணாடிக் குடத்தில் ஒயின் வந்து இறங்கும். அதைப் பாட்டிலில் அடைத்து வைத்தால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டு மேஜைக்கு ஆகும். பேர் போன ஒயின் இல்லை. ரொட்டி, உப்பு மாதிரி வீட்டில் இருக்கவேண்டிய பொருள், அவ்வளவுதான். ஆனால் எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் ஆண்பிள்ளை சமாசாரம் என்பது ஊர் வழக்கம். எவாசியோ வீட்டில் மட்டும் கல்யாணமான நாள் முதல் நிலவறைச் சாவி டெல்ஃபினாவின் இடுப்பில் தொங்கியது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கு அது உறுத்தவில்லை. ஓய்வு பெற்றுச் சீட்டாட்டக் கூட்டத்தோடு உட்கார ஆரம்பித்த பிறகுதான் உறுத்தியது. “இன்னிக்கு உன்னை எதைக் குடிக்கச் சொல்லி உத்தரவு?” என்று அவர்கள் தினமும் விசாரித்தார்கள்.

டெல்ஃபினா ஒயின் வாங்கும் முறையும் அவருக்கு வெட்கமாக இருந்தது. கைப்பையில் ஒரு துண்டு ரொட்டி, வேகவைத்த பன்றி இறைச்சிக் கொத்து, ஒரு கிண்ணம் பயறு எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போவாள். ஒரு வாய் இறைச்சி, அதன்மேல் ஒரு வாய் ஒயின். கண்ணை மூடிக்கொள்வாள். வாயில் ஒட்டிய கொழுப்பை ஒயின் கழுவிக்கொண்டு போனால் சரி, போகாவிட்டால் அடுத்த தொட்டி. அதுவரைக்கும் எவாசியோ காருக்குள் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஒயினைக் குடித்துவிட்டு வந்தவர்களெல்லாம் எங்கே வாங்கினீர்கள், இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது என்று கேட்பார்கள். அப்போது மட்டும் தொப்பி நெற்றிக்கு ஏறிவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் நகராட்சிக் கூடத்தில் ஒயின் சுவைக்கும் வகுப்பு நடந்தது. எவாசியோ போய்க் கற்றுக்கொண்டு வந்தார். கோப்பையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் சாய்க்கவேண்டும். சுழற்றவேண்டும். மூக்கை உள்ளே விடவேண்டும். வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பவேண்டும். வீட்டில் பழகிப் பழகி மேஜை விரிப்பு தேசப்படம் ஆகிவிட்டது.

“கருத்த செர்ரிப்பழ வாசனை வருது,” என்றார் ஒருநாள் கண்ணை மூடி. “பின்னாலேயே ஈரத் தோல் வாசனை.”

“அது உங்க பூட்ஸுங்க. மழையில நனைஞ்சத அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கீங்க.”

அப்போது எடுத்த தீர்மானம்தான் இது. பயறு பொறுக்கி முடித்த டெல்ஃபினா கையைத் துடைத்துக்கொண்டு, சரி, உங்கள் ஒயின் நல்ல ஒயின் என்று யார் சொல்வது என்று கேட்டாள். எவாசியோ யோசிக்காமல் செக்கொந்தோவின் பேரைச் சொன்னார்.

செக்கொந்தோ அவர்களுடைய சம்பந்தி, மகள் மிரெல்லாவின் மாமனார். மே மாதம் முதல் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தார். அவரைப் பற்றி ஊருக்கே ஒன்று தெரியும். அடுத்தவர் வீட்டில் ஒரே ஒரு கோப்பைதான் குடிப்பார். பாட்டில் மறுபடி பக்கத்தில் வந்தால் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிவிடுவார். பிஷப் வந்து ஊற்றினாலும் மூடுவார் என்று சொல்வார்கள்.

“சம்பந்தி தன் கையாலேயே ரெண்டாவது கோப்பை ஊத்திக்கணும். ஊத்திக்கிட்டா சாவி என்னுது,” என்றார் எவாசியோ.

“இல்லேன்னா?”

“நீயே சொல்லு.”

“இந்த வருஷம் என்கூட கிரேயாவுக்கு வரணும்.”

எவாசியோவின் கை இடுப்புக்குப் போயிற்று. கிரேயா மலை உச்சியில் மாதா கோயில். வழி நெடுக, காட்டுக்குள், ஏற ஏறச் சிற்றாலயங்கள். மாதாவின் வணக்க மாதமான மே மாதத்தில் ஊர்த் தேவாலயத்துப் பெண்கள் எல்லாரும் போவார்கள். எவாசியோவுக்கு மட்டும் மே பிறந்தால் இடுப்பு வலி வந்துவிடும். ஜூன் முதல் தேதி அது தானாகவே குணமாகிவிடும். நல்ல மனுஷர்தான், பூசைக்குத் தவறமாட்டார். கோயில் சமதரையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒப்புக்கொண்டார். டெல்ஃபினா அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. எவாசியோ, தான் தோற்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வதாக நினைத்துக்கொண்டார்.

சங்கத்துக்குப் போகும்போது இந்தத் தடவை டெல்ஃபினா காரில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

“மூணாவது தொட்டிய மட்டும் தொடாதீங்க. அதுல இன்னும் கொஞ்சம் இனிப்பு தங்கியிருக்காம். அடங்காத பிள்ளை மாதிரி. விருந்தாளிக்கு ஆகாது.”

எவாசியோ உள்ளே போய்ச் சாய்த்தார், சுழற்றினார், முகர்ந்தார், துப்பினார். தொட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் ரெமீஜியோ தன் காலை நகர்த்திக்கொண்டார். எல்லாம் ஒரே மாதிரிதான் எவாசியோவின் மூக்குக்குப் பட்டது. ஆனால் எதை எடுக்கக்கூடாது என்று மனைவி சொல்லியிருக்கிறாளோ அதை எடுக்காமல் வந்தால் அப்புறம் இவர் எதற்கு? மூன்றாவது தொட்டி என்றார். ரெமீஜியோ வாசல் வழியாகக் காரைப் பார்த்தார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு குழாயைத் திறந்தார்.

பாட்டிலில் அடைக்கும் நாள் வந்தது. நிலவறை வாசலில் நின்று டெல்ஃபினா வானத்தைப் பார்த்தாள்.

“இன்னும் வளர்பிறைங்க. தேயட்டும். வளர்பிறையில அடைச்சா ஒயின் சும்மா கிடக்காது.”

“நிலா என்ன நம்ம நிலவறைக்குள்ள இறங்கி வரப்போகுதா? வகுப்புல நிலாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.”

“ஊரே பாத்துத்தான் அடைக்குது.”

“ஊரு வகுப்புக்குப் போகல.”

“உங்க இஷ்டம்,” என்று விட்டுவிட்டாள். அந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாக அவள் வாயிலிருந்து கேட்டதே எவாசியோவுக்குப் பாதி வெற்றி.

அன்று முழுக்க அவர் செங்குத்தான படியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். டெல்ஃபினா மேல்படியில் ஒரு கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு பாட்டில்களை எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் கனத்த பாட்டில்கள். சாதாரண பாட்டில் எங்கே என்று கேட்டதற்கு, அவற்றை இன்னும் கழுவவில்லை என்றாள். பிற்பாடு ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து, தக்கையைப் பாட்டில் கழுத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டச் சொன்னாள். எலி தக்கையைக் கடிக்கிறதாம். பொம்பளைகளுக்கு எப்போதும் எலிக் கவலைதான் என்று எண்ணிக்கொண்டே எவாசியோ கட்டினார்.

மே மாதம் முதல் ஞாயிறு, பூசை முடிந்து செக்கொந்தோ மகனோடும் மருமகளோடும் வந்து உட்கார்ந்தார். மேஜையில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. இறைச்சிக் கொத்து, பன்றித் தோலோடு குழைய வெந்த பயறு, வேலியோரம் பறித்த கொடித் துளிர் போட்ட ஆம்லெட். விருந்துக்கு இதையா சமைப்பது என்று காலையிலேயே எவாசியோ முணுமுணுத்திருந்தார். தினமும் சாப்பிடுகிறதுதானே, ஒயினும் தினப்படி ஒயின்தானே என்று அவள் சொல்லிவிட்டாள்.

எவாசியோ எழுந்து நின்று நூலை அறுத்தார்.

தக்கை தானாகக் கிளம்பியது. விளக்கில் பட்டு, சுவரில் பட்டு, மிரெல்லாவின் மடியில் போய் விழுந்தது. பாட்டில் வாயிலிருந்து சிவப்பு நுரை பொங்கி அவர் சட்டைக் கையை நனைத்தது. கோப்பையில் ஊற்றினால் அடியிலிருந்து முத்து முத்தாகக் குமிழி ஏறுகிறது. எவாசியோவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தங்கியிருந்த இனிப்பு, வளர்பிறை, சும்மா கிடக்காத ஒயின். பிறை தப்பிப் போய் அடைத்தவன் என்ற பேர் சாயங்காலத்துக்குள் சீட்டாட்டக் கூட்டத்துக்குப் போய்விடும். அந்தப் பொங்கும் நுரைக்குள் கிரேயா மலைப் பாதை வளைந்து வளைந்து ஏறிப்போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

செக்கொந்தோ ஒரு கரண்டி பயறு சாப்பிட்டார். ஒரு மடக்கு குடித்தார். நிறுத்தினார். இறைச்சி ஒரு துண்டு, மறுபடி ஒரு மடக்கு. சுள்ளென்ற அந்தப் புளிப்பும் நுரையும் கொழுப்பை அடித்துக்கொண்டு போக, நாக்கு அடுத்த வாய்க்குத் தயாராக நின்றது போலிருக்கிறது. கோப்பை காலியாயிற்று. அவருடைய வலது உள்ளங்கை மெல்ல மேலே எழுந்தது.

எவாசியோ கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது கை கோப்பையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. சம்பந்தி பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தனக்குத் தானே ஊற்றிக்கொண்டிருந்தார். நிறைய ஊற்றிக்கொண்டார்.

“சம்பந்தி, கொழுப்புச் சாப்பாட்டுக்கு இப்படித்தான் பொங்குற ஒயின் வேணும்,” என்றார். “இனிப்பு தங்கின தொட்டியா பாத்து எடுத்து, வளர்பிறையில அடைச்சிருக்கீங்க. வெடிக்காம இருக்கக் கனத்த பாட்டில். தக்கைக்கு நூல்கட்டு. ஒண்ணு விடாம யோசிச்சிருக்கீங்க.”

எவாசியோ டெல்ஃபினாவைப் பார்த்தார். அவள் பயறு பரிமாறுவதிலேயே கவனமாக இருந்தாள். நூல் என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ லேசாக நெருடியது. ஆனால் சம்பந்தி மூன்றாவது கோப்பைக்குக் கை நீட்டிவிட்டார். அந்த நேரத்தில் யார் நெருடலைப் பற்றிக் கவலைப்படுவார்கள்?

“யோசிக்காம முடியுமா?” என்றார் எவாசியோ. அதற்கப்புறம் அவரை நிறுத்தமுடியவில்லை. நிலாவுக்கும் ஒயினுக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தார். இதையெல்லாம் வகுப்பில் சொல்லித்தரமாட்டார்கள், தானாக வரவேண்டும் என்றார். போகும்போது சம்பந்தி ஒரு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வாசல் கதவைச் சாத்தியதும் டெல்ஃபினா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, ஒரு ரிப்பனில் கோத்துப் பதக்கம் மாதிரி அவர் கழுத்தில் மாட்டினாள். எவாசியோ சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, சாவி வெளியே தெரியும்படி சீட்டாட்டக் கூட்டத்துக்குப் போனார். தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தானாகவே வணக்கம் சொன்னார். அன்று யாரும் உத்தரவைப் பற்றி விசாரிக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்ததும் டெல்ஃபினா ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பாட்டில் கேட்டாள். மகாராஜா மாதிரி இறங்கி எடுத்து வந்தார். உருளைக்கிழங்கும் அங்கேதான் இருக்கிறது என்றாள். இறங்கினார். பாலாடைக்கட்டியும் கீழேதான். இறங்கினார். காலி பாட்டில்களைக் கீழே வைக்கவேண்டும், சாவி வைத்திருப்பவர்தானே வைக்கமுடியும் என்றாள். இறங்கி ஏறி வந்தவர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

“ஏண்டி, இந்தப் படியிலயா இத்தன வருஷமா ஏறி இறங்கின?”

“முட்டி ரெண்டும் கெஞ்சுதுங்க. கீழ போய் எடுத்துட்டு வாங்கன்னு நான் சொன்னா நீங்க இறங்கியிருப்பீங்களா?”

நூல்கண்டு, கனத்த பாட்டில், தொடாதே என்ற தொட்டி, ரெமீஜியோவின் மீசை எல்லாம் ஒவ்வொன்றாக வந்து எவாசியோவின் முன்னால் வரிசையில் நின்றன. கோபப்பட நினைத்தார். ஆனால் மேஜையில் மிச்சமிருந்த அரைப் பாட்டில் ரொம்ப நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் தேறிக்கொண்டார்.

“போகட்டும். எப்படியோ ஜெயிச்சேன். கிரேயா ஏறவேண்டியதில்ல.”

“நீங்க ஜெயிக்கணும்னுதான் அன்னிக்கு மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன்.”

எவாசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவா?”

“உங்களுக்காகத்தான். ஜெயிச்சா நீங்க அடிவாரத்துலேருந்து உச்சிவரைக்கும் நடந்தே வர்றதா நேர்ந்திருக்கேன்.”

“அப்ப நீ?”

“என் முட்டிக்கு அது ஆகாதுங்க. நான் பஸ்ல போய் மேல காத்திருக்கேன். நீங்க வரும்போது ரெண்டு பாட்டில் தூக்கிட்டு வந்துடுங்க, சாவிதான் உங்ககிட்ட இருக்கே.”