தவளைக்குள் போன ஐந்து வெட்டுக்கிளிகள்

வேலை கேட்டுப் போகிறவர்கள் சான்றிதழை மறந்துவிட்டுப் போவதுண்டு. கொண்டுபோன சான்றை வழியிலேயே தின்னக் கொடுத்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

எம்.எஸ்சி. விலங்கியல், பி.எட். முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போனேன். வாரம் முப்பது பீரியட் உள்ள முழுநேர வேலை. போட்டிக்குப் பதினோரு பேர். பாடம், உணவுச் சங்கிலியில் ஆற்றல் எப்படி நகர்கிறது என்பது. மற்றவர்கள் சார்ட் கொண்டுவருவார்கள்; நான் உயிரோடு காட்டுவது என்று முடிவு செய்தேன். (அடக்கம் அப்போது என் பாடத்திட்டத்தில் இல்லை.)

மயிலம் பக்கத்தில் எங்கள் கொல்லையிலிருந்து ஒரு மல்லாட்டைச் செடி (வேர்க்கடலைதான்), ஐந்து வெட்டுக்கிளிகள், ஒரு தவளை. மூன்றும் ஒரே கண்ணாடி பாட்டிலில். அண்ணன் எட்டிப் பார்த்தான்.

“இன்னா பாப்பா, எல்லாத்தையும் ஒண்ணாவா போட்டுக்கினு போற?”

“எம்.எஸ்சி. படிச்சது நீயா, நானா?”

பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் பக்கத்து சீட் அம்மா என் தோளைத் தட்டினார். “ஏம்மா, உன் தவள இன்னொண்ண முழுங்குது பாரு!”

இன்னொன்றா? குனிந்தேன். ஐந்தில் இரண்டுதான் மிச்சம். பாட்டிலைக் குலுக்கினேன். திண்டிவனத்தில் இறங்கும்போது மிச்சம் ஒரு கால். வெட்டுக்கிளியுடையது.

எட்டாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. மின்விசிறி ஓடவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்: “செடி வெயிலைப் பிடிக்கிறது. செடியை வெட்டுக்கிளி தின்கிறது.”

“வெட்டுக்கிளி எங்க மிஸ்?”

“உள்ள இருக்கு.”

“எதுக்குள்ள மிஸ்?”

“தவளைக்குள்ள.”

வகுப்பே எழுந்து நின்றது. அந்த உற்சாகம் எனக்கும் தொற்றியது. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேரும், மீதியில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடும் என்று கத்திக்கொண்டே மூடியைத் திறந்தேன். தவளை மேசைக்குத் தாவியது, மேசையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து மைதானத்துக்கு. அங்கே காத்திருந்ததுபோல் ஒரு காக்கை இறங்கியது.

“மிஸ்! அடுத்த நிலை!” முப்பது தலைகள் ஜன்னலில்.

தலைமையாசிரியை நிதானமாகக் கேட்டார். “இப்ப எனர்ஜி யார்கிட்ட?”

“காக்காகிட்ட மிஸ்!”

“முழுசாவா?”

“பத்துல ஒண்ணு மிஸ்!”

“மீதி?”

முன்வரிசைப் பெண் ஒருத்தி, வியர்வையில் தொப்பலாக நனைந்த என் புடவையை மேலும் கீழும் பார்த்தாள். “வெப்பமா போயிடுச்சு மிஸ்.”

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியை தன் அறைக்கு அழைத்துச் சொன்னார்: “பசங்களுக்குப் பாடம் நல்லா புரிஞ்சிடுச்சு. ஆனா முப்பது பீரியடும் உங்ககிட்ட குடுக்க பயமா இருக்கும்மா. வாரத்துக்கு மூணு எடுங்க.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிரவே இல்லை. “முப்பதுல மூணு. கணக்கு சரியாத்தான் இருக்கு.”

பிறகு பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பியது மூன்று வரியாக அச்சாகும் நாட்களில், காலையில் மயிலத்திலிருந்து தவறாமல் போன் வரும்.

“இன்னா பாப்பா, இன்னிக்கும் தவள முழுங்கிட்ச்சா?”