சங்கு சிஸ்டர் வாயை மூடிய கதை

ஒலிபெருக்கி இல்லாமல் மூன்று கிராமங்களுக்கு ஒரே நேரத்தில் தடுப்பூசி அறிவிப்பு கொடுக்கக்கூடிய மனுஷி இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் சங்கு சிஸ்டர்.

ராஜபாளையத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதினால் ஊரே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். சிஸ்டரும் அந்த ஊர்க்காரர் என்பதால் பெயர் சிரமமில்லாமல் ஒட்டிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ், நான் மருந்தாளுநர். தினமும் ஒரே பஸ்ஸில் போவோம். அவர் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்ன விஷயங்களில், இறங்கும்போது டிரைவர் என்னிடம் சந்தேகம் கேட்பார்.

ஒருமுறை புதுப்பெண் ஒருத்தி குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பற்றிக் கூச்சத்தோடு கேட்டாள். சிஸ்டர் அவள் காதருகே குனிந்துதான் பதில் சொன்னார். எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்த அவளுடைய மாமனார் பாதி டீயை வைத்துவிட்டு நடையைக் கட்டினார். பக்கத்து ஊரான சுந்தரபாண்டியத்தில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் சிஸ்டரைக் கூப்பிடவா என்று கேட்டால் போதும், தட்டு காலியாகிவிடும்.

இப்பேர்ப்பட்டவரைத்தான் குழந்தைகள் மனநலப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். மனநலம் என்ற சொல்லையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்படுகிறோம். வேறு யாரும் போக முன்வராததால் எங்கள் டாக்டரே சிஸ்டர் பெயரை எழுதிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் வகுப்பு. மதுரையிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்குப் பூ உதிர்கிற மாதிரி குரலாம். பயமும் துக்கமும் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியாக, தலைவலியாக வரும், அதை முதலில் பார்க்கிறவர்கள் நீங்கள்தான் என்று சொல்லியிருக்கிறார். பிறகு நடித்துப் பழகச் சொன்னார். இன்னொரு நர்ஸ் பயந்த குழந்தை, நம் சிஸ்டர் நர்ஸ். சிஸ்டர் எடுத்த எடுப்பில், ஏட்டி, எதுக்குப் பயப்படுத என்று கேட்டதில், நடிக்க வந்தவர் நிஜமாகவே அழுதுவிட்டார்.

டாக்டரம்மா சிஸ்டரைத் தனியாக உட்காரவைத்து, கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

"எம்புட்டு நேரம்?"

"வர்ற வரைக்கும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் சிஸ்டர். பக்கத்துல இருங்க, போதும்."

இத்தனை வருஷ சர்வீஸில் சும்மா இரு என்று தன்னிடம் சொன்ன முதல் அதிகாரி இவர்தான் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சிஸ்டர் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஆனால் பயிற்சி முடிந்த மறுநாளிலிருந்தே சும்மா இருக்கப் பழக ஆரம்பித்துவிட்டார். சுகாதார நிலையத்தில் திடீரென்று சத்தம் இல்லை. வந்தவர்கள் இன்றைக்கு லீவு போல என்று வாசலோடு திரும்பினார்கள். டாக்டர் டார்ச் அடித்து அவர் தொண்டையைப் பார்த்தார். எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அந்த வாரம்தான் கான்சாபுரத்திலிருந்து செல்வியை மறுபடியும் கூட்டிவந்தார்கள். பத்து வயசு. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வயிற்றுவலி வரும். ஒன்றரை மாதமாகப் பூச்சி மாத்திரை, ஊசி, நான் ஊற்றிக்கொடுத்த ரோஸ் கலர் மிக்சர் எல்லாம் பார்த்தாயிற்று. படிப்பு ஒத்துக்கிடலை, அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பப்போகிறோம் என்று அவள் அம்மா அலுத்துப்போய்ச் சொன்னாள். அங்கே குச்சி அடுக்கப் போன பிள்ளை பள்ளிக்கூடம் திரும்பி நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் செல்வியைப் பின்பக்க வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. சிஸ்டர் காத்திருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இன்னும் செத்த நேரம் போனால் மயங்கி விழுவார் என்று நான் தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அப்போது செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் சிஸ்டர் பேச மாட்டேங்கீக? தொண்டை வலிக்கா?"

சிஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டது. பிறகு சொன்னது. இரண்டு மாதம் முன்பு அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அம்மாவுக்குக் கரு கலைந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கிறார்கள். செல்வி வந்து பார்த்தால் வீடு பூட்டிக்கிடக்கிறது, வாசலில் ரத்தம். என்ன நடந்தது என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை.

"நான் பள்ளிக்கூடம் போனா அம்மா செத்துப்போயிரும் சிஸ்டர்."

சிஸ்டர் உள்ளே வந்து அவள் அம்மாவிடம் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே மெதுவாகச் சொன்னார். அந்த அம்மாள் காதில் விழவில்லை என்று மூன்று தடவை கேட்டாள். விழுந்த பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகுதுன்னுல்லா இருந்தேன் என்று மட்டும் சொன்னாள்.

நடந்ததை மகளிடம் அம்மாவின் வாயாலேயே சொல்லவைத்தார் சிஸ்டர். மத்தியானம் மணி அடித்ததும் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து முகம் காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடு. அதற்கு ஹெட்மாஸ்டரிடம் அனுமதி கேட்டபோது மட்டும் பழைய குரல் தேவைப்பட்டது. கான்சாபுரமே அனுமதி கொடுத்துவிட்டது, அவர் ஒருவர் மறுத்து என்ன ஆகப்போகிறது? வலி ஒரே நாளில் போய்விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்தது, பிறகு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் பேச்சும் எழவில்லை.

ஒன்றரை மாதம் மிக்சர் ஊற்றிய நான் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அடுத்த பயிற்சிக்கு நானே போய்ப் பெயர் கொடுத்தேன்.

சில வருஷம் கழித்து சிஸ்டருக்குத் தெற்கே சோழபுரம் பக்கம் மாற்றலாகிவிட்டது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவிய பேசுறது கேட்கும் என்று டாக்டர் அடிக்கடி கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். மருந்தறையின் தெற்கு ஜன்னலை மட்டும் சாத்துவதில்லை.